தொப்புள்கொடி ரத்தம் சொல்லும் செய்தி

(திருச்சானூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பத்மாவதித் தாயார் கோயில் கொண்டிருக்கும் ஊரில் பேச வாய்ப்பளித்த நிர்வாகிகளுக்கு நன்றி. இங்கிருந்து குழந்தைகளுக்கு முடியிறக்கத் திருமலைக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். அவர்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

ரத்தம் உறையாத வியாதி என்றால் ஹீமோஃபிலியாதான் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பாதிப்பது. நான் சொல்ல வந்தது அதைவிட அபூர்வமான 'ஃபாக்டர் 13' குறைபாடு. 1960ல் ஸ்விட்சர்லாந்தில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் என்பது கணக்கு. ஆண், பெண் இருவருக்கும் வரும். என் பேத்திக்கு இருக்கிறது.

காயம் பட்டால் ரத்தத்தில் ஃபைப்ரின் இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். அந்த இழைகளை இறுக்கிக் கட்டுவது ஃபாக்டர் 13. அது இல்லையென்றால் முடிச்சுப் போடாத பூச்சரம்போல வலை அவிழ்ந்துவிடும். முதலில் நின்ற ரத்தம் மறுநாள் மீண்டும் கசியும்.

இந்தக் குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்குத் தொப்புள்கொடி விழும் சமயம் ரத்தம் கசியும். அதுவே முதல் எச்சரிக்கை. ஆனால் வழக்கமாகச் செய்யும் பி.டி., ஏ.பி.டி.டி. பரிசோதனைகள் நார்மல் என்றே வரும். எங்களையும் ஓரிடத்தில் அப்படித்தான் திருப்பியனுப்பினார்கள். "ஃபாக்டர் 13 பார்த்தீர்களா?" என்று நாமே கேட்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகத்தில் ரத்தவியல் துறை இருக்கிறது.

அலட்சியம் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் சுமார் மூவரில் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தம் கசியக்கூடும். கண்டுபிடித்துவிட்டாலோ சமாளிப்பது எளிது. இந்த ஃபாக்டர் உடலில் பல நாட்கள் தங்கும். ஆகவே சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஃபாக்டர் மருந்தோ, ரத்த வங்கியில் கிடைக்கும் கிரையோபிரெசிபிடேட்டோ ஏற்றினால் போதும். என் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள், பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். காது குத்துவதும், பல் பிடுங்குவதும், முடியிறக்குவதும் டாக்டரைக் கேட்டு, மருந்து ஏற்றிய பிறகே. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ஆகாது. தலையில் அடிபட்டால் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரி.

நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கோத்திரம் வேறாக இருந்தால் தோஷமில்லை என்று அத்தை பிள்ளை, மாமா பெண், அக்கா பெண் என்று உறவிலேயே முடிக்கிறோம். கோத்திரம் தந்தை வழியை மட்டுமே சொல்லும். மரபணு இரு வழியிலும் வரும். என் மாப்பிள்ளை என் சகோதரியின் பிள்ளைதான். பெற்றோர் இருவரும் ஆரோக்கியமானவர்களே. இருவரிடமும் அதே குறை மறைந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஈரானின் சிஸ்தான்–பலூசிஸ்தான் மாகாணத்தில் இந்நோயாளிகள் மிக அதிகம். அங்கும் சொந்தத்தில் கல்யாணம் செய்வதுதான் வழக்கம்.

உறவில் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் இப்படிக் குழந்தை இருந்தால், நிச்சயம் செய்யுமுன் மரபணு ஆலோசனை பெறுங்கள். வரன் பார்க்கையில் மறைக்காதீர்கள். இக்குறையுள்ள பெண்களுக்குக் கர்ப்பம் கலையும் அபாயம் அதிகம். தகுந்த சிகிச்சையோடு தாயாகியிருக்கிறார்கள். சொல்லாமல் மறைத்தால் அந்தச் சிகிச்சை எப்படிக் கிடைக்கும்? என் பேத்தியின் ஜாதகத்தோடு அவளது பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்தே கொடுப்பது என்று எங்கள் வீட்டில் தீர்மானித்துவிட்டோம்.

உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது தொப்புளில் ரத்தம் நிற்காத குழந்தை இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். எல்லோரும் க்ஷேமமாக இருக்கத் தாயாரைப் பிரார்த்திக்கிறேன்.