ரெட்டைக்குழல் துப்பாக்கிக்குப் புதுக்குழல்

இன்னைக்கு இங்கிலாந்துல பர்மிங்காம் போறோம். துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஊர். 19-ஆம் நூற்றாண்டுல அங்க செஞ்ச ரெட்டைக்குழல் ஷாட்கன்கள் இன்னும் புழக்கத்துல இருக்கு. கட்டை நல்லா இருக்கும், விசை நல்லா இருக்கும், குழல் மட்டும் போயிருக்கும்.

ஏன்னா, கருமருந்து விட்டுட்டுப் போற கசடு ஈரத்தை இழுக்கும். துடைக்காம வெச்சா துரு குழிகுழியா அரிச்சிடும். குழியை எடுக்க உள்ளே கடைஞ்சா சுவர் மெலியும். மெலிஞ்ச இடம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனா, கன்ஸ்மித் கையை விரிச்சிடுவார்.

முழுசா புதுக்குழல் போடலாமே? போடலாம், துப்பாக்கி விலையையே தாண்டிடும். குழலோட அடிப்பகுதி விசைப்பகுதியில கச்சிதமா உட்காரணும். புகைக்கரி தடவி, எங்க ஒட்டுதுன்னு பார்த்துப் பார்த்து அரத்தால ராவின வேலை அது. காசே அதுக்குத்தான்.

அதனால அந்த அடித்துண்டை மட்டும் காப்பாத்துறாங்க. இதுக்குப் பேர் ஸ்லீவிங். அடியில சுமார் 3 அங்குலம் விட்டு மிச்சத்தை அறுத்து, துண்டை உள்ளே அகலமாக் கடைஞ்சு, புது எஃகுக் குழலைச் செருகி, சால்டரோ டிக் வெல்டிங்கோ வெச்சு இணைக்கிறாங்க. கேக்க சுலபம். ஆனா ரெண்டு குழலும் நேர் இணையா ஓடக்கூடாது, முனை லேசா உள்ளே சாயணும். அப்பதான் சுமார் 40 கஜத்துல ரெண்டு சூடும் ஒரே இடத்துல விழும். சாய்வு பிசகினா வாத்து பாட்டுக்குப் பறந்து போயிடும்.

அடுத்து ப்ரூஃப் ஹவுஸ். பர்மிங்காம்ல 1813-லிருந்து இருக்கு. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தர்ற தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பாங்க. குழல் வீங்கினாலோ மூட்டு விட்டாலோ முத்திரை கிடையாது. முத்திரை இல்லாம விக்கிறது அங்க குற்றம். தேறினா, குழல்மேல 'ஸ்லீவ்ட்'னு பொறிச்சாகணும்.

அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. இரும்பும் எஃகும் முறுக்கி அடிச்ச பழைய டமாஸ்கஸ் குழலோட கோலத்தை நானும் ரசிப்பேன். (பேர்தான் டமாஸ்கஸ், பெல்ஜியத்து லியேஜ்ல குவியல் குவியலா செஞ்சாங்க.) ஆனா அரிச்ச குழல் வெடிச்சா, போறது அதைத் தாங்கிப் பிடிச்ச விரல்கள்.

பழைய சால்டர் வேலையில மெல்லிசா ஒரு வளையக்கோடு தெரியும். நல்ல டிக் வெல்டிங்ல அதுவும் தெரியாது. வாங்குறவங்களுக்கு அந்தப் பொறிப்புதான் ஒரே சாட்சி.