அன்னை எனும் சொல்லின் பொருள்

 

வெள்ளி விழாக் காணும் இக் கல்விக் கழகத்தின் மேடையில், மறைந்த அன்னையரை நினைவுகூருமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். பெற்ற தாயை இழந்தோர் இவ்வவையில் பலர் உளர். படத்திற்கு மாலை சூட்டிக் கண்ணீர் சொரிதல் மக்கட்குரிய கடன்தான். ஆயின் அத்துடன் கடன் தீர்ந்துவிடுமோ? இவ்வொரு வினாவையே உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

நம் மக்கள் 'அன்னை' என உரிமையோடு அழைத்த பெருமாட்டி ஒருவர் இருந்தார். அவர்தாம் அன்னை மீனாம்பாள் சிவராஜ். 1904-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரங்கூனில் செல்வக் குடியில் பிறந்தவர். அங்கேயே கல்வி பயின்றவர். பின்னாளில் சென்னை மாநகரின் மேயராய் விளங்கிய பெருந்தலைவர் என். சிவராஜ் அவர்களின் வாழ்க்கைத் துணைவியார். வீட்டளவில் நின்றிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிரார். அவரோ சைமன் குழுவைப் பெருங்கட்சிகள் புறக்கணித்த 1928-ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்டோர் குறைகளும் கேட்கப்படல் வேண்டும் என்று மேடையேறி முழங்கினார். ஈ.வெ.ரா. அவர்கட்குப் 'பெரியார்' எனும் பட்டம் சூட்டிய 1938-ஆம் ஆண்டுப் பெண்கள் மாநாட்டில் முன்னின்ற மகளிருள் அவரும் ஒருவர். 1944-இல் சென்னையில் அண்ணல் அம்பேத்கர் பங்கேற்ற காலத்தில், தாழ்த்தப்பட்ட மகளிரின் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1992 நவம்பர் 30 அன்று, தம் 88-ஆம் அகவையில் மறைந்தார்.

தாம் ஈன்ற மக்களுக்கு மட்டுமன்றி, ஊரார் பெற்ற மக்களுக்காகவும் வாய்திறந்து பேசினார். அதனாலன்றோ அவர் அன்னையானார்!

மேடை ஏறாத அன்னையரும் உண்டு. அவர்கள் நம் இல்லங்களிலேயே இருந்தார்கள். இக் கந்தக மண்ணில் தீப்பெட்டி ஒட்டியும், சட்டத்தில் குச்சி அடுக்கியும், பட்டாசுச் சரம் பின்னியும் நம்மை வளர்த்த தாயரைச் சொல்கின்றோம். வானம் பொய்த்த இக் கரிசற் பூமியில் உலையேற்ற வேறு வழி அரிதாயிருந்தது. விடியுமுன் ஆலை வண்டி ஊருக்குள் வரும். உறக்கம் கலையாத சிறாரையும் ஏற்றிச் செல்லும். பிள்ளையின் உழைப்பை ஈடாகக் கொண்டு பெற்றோர்க்கு முன்பணம் தரும் வழக்கமும் இருந்தது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிச் சிறாரைக் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிச் சிறாரைப் பணியமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. சட்டமும் தீர்ப்பும் மதிப்பிற்குரியவை. ஆயினும் அவை வருமுன்னரே, நீட்டிய முன்பணத்தை வாங்க மறுத்து, "நான் வருகிறேன், என் பிள்ளை பள்ளிக்குப் போகட்டும்" என்று சொன்ன தாயர் நம்மிடையே இருந்தனர். மணிமருந்தின் அருகே தம் உயிரை வைத்துவிட்டு, நம் கையில் சிலேட்டைக் கொடுத்தவர்கள் அவர்களே. அந்தத் தொழிலின் அச்சம் இன்றும் நீங்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து 30-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திலோம்.

இளைஞர்களே! மேடையேறிய அன்னையும் மேடையறியாத அன்னையரும் வேண்டியது ஒன்றே: அடுத்த தலைமுறையின் கல்வி. அவர்களுள் பலர் தம் பெயரை எழுதவும் கற்றிலர். அவர்கள் பெயரை நாம் எழுதுவோம். தாய் மறைந்தால் 'கண்ணீர் அஞ்சலி' எனச் சுவரொட்டி அச்சிடுகின்றோம். அச்சுக்குப் பேர்போன ஊரன்றோ நம்முடையது! சுவரொட்டி ஒரு மழைக்குத் தாங்காது. அச்செலவில் ஓர் ஏழை மாணவியின் தேர்வுக் கட்டணத்தை, மறைந்த தாயின் பெயரால் செலுத்துங்கள். கடன் சுமையால் படிப்பை நிறுத்த எண்ணும் வீட்டின் வாயிலுக்குச் சென்று பேசுங்கள். மாலைப் பொழுதில் சேரிப் பிள்ளைகட்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லுங்கள். தங்கையின் படிப்பை நிறுத்திவிட்டுத் தாயின் படத்திற்கு விளக்கேற்றுவதில் பொருளில்லை.

அன்னையர் புகழ் வாழ்க! அவர்தம் கனவாம் கல்வி ஓங்குக!