காப்பு மறந்த தாத்தா

(தலைப்பு: பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளைக் காப்பது வீட்டுக் கட்டுப்பாடே! – தடுப்பூசியே! ‘தடுப்பூசியே’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தங்கை என்ன போடு போட்டாங்க! “கதவைச் சாத்தினோம், கையைக் கழுவினோம், கஷாயம் காய்ச்சினோம், பிள்ளைகளைக் காப்பாத்தினோம். சின்னப் பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசியே வரலையே! இந்த அணிக்காரங்க எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேச வர்றாங்க?” அப்படின்னாங்க. எங்க அணித் தலைவர் மெதுவா என் காதுக்கிட்டே வந்து, “ஐயா, இதுக்குப் பதில் இருக்கா?”ன்னார். “பாதிக்கு இருக்கு”ன்னேன். (சிரிப்பு)

அந்தப் பாதியை முதல்லே சொல்லிடறேன். தங்கை சொன்னது உண்மைதான். நம்ம நாட்டிலே 15 வயதுக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி 3-ஆம் தேதிதான் கொரோனா ஊசி ஆரம்பிச்சது. 12 வயதுக்காரர்களுக்கு அந்த வருஷம் மார்ச் 16. அதற்குக் கீழே உள்ள குஞ்சு குளுவான்களுக்கு அரசாங்கத் திட்டத்திலே அந்த ஊசி வரவே இல்லை. அப்புறம் எப்படிப் பெரும்பாலான பிள்ளைகள் ரெண்டு நாள் காய்ச்சலோடு எழுந்து ஓடினார்கள்? தங்கையின் கஷாயத்தினாலேயா? கஷாயத்தைத்தான் பாதிப் பிள்ளைகள் வாஷ்பேசினிலே ஊத்திட்டாங்களே! (சிரிப்பு)

2021-ல் ஜெர்மனியிலே, பெர்லினிலே, ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளின் மூக்கிலே இருக்கிற செல்களை எடுத்துப் பார்த்தார்கள். பெரியவங்க மூக்கையும் எடுத்துப் பக்கத்திலே வச்சுப் பார்த்தார்கள். என்ன தெரிஞ்சது? குழந்தையின் மூக்கிலே இருக்கிற செல், வைரஸ் வர்றதுக்கு முன்னாலேயே முழிச்சுக்கிட்டு இருக்கு. இன்டர்ஃபெரான் என்று ஒரு பொருள். பக்கத்து செல்லுக்கெல்லாம் ‘திருடன் வர்றான்’ என்று தண்டோரா போடுகிற பொருள். குழந்தைக்கு அந்தத் தண்டோரா சீக்கிரமே கேட்டுடுது. நம்ம வயசுக்காரங்க மூக்கிலே காவல்காரன் சால்வையைப் போர்த்திக்கிட்டுத் தூங்கறான். திருடன் வந்து போனப்புறம் எழுந்து விசில் அடிக்கிறான். நடுவர் ஐயா கோபிக்கக் கூடாது, நான் பொதுவாத்தான் சொன்னேன். (சிரிப்பு, கைதட்டல்)

எல்லாப் பிள்ளைகளும் அப்படித் தப்பவில்லை. அதையும் சொல்லணும். சில பிள்ளைகளுக்குக் கொரோனா வந்து போன 2 முதல் 6 வாரம் கழித்து உடம்பெல்லாம் காய்ச்சல், கண் சிவப்பு, வயிற்று வலி, இதயம் வரைக்கும் பாதிப்பு என்று வந்தது. 2020 ஏப்ரலிலே இங்கிலாந்து டாக்டர்கள் முதல்லே எச்சரிக்கை கொடுத்தார்கள். கிருமியை அடிக்க எழுந்த காவல்காரன் வீட்டுச் சாமானையும் சேர்த்து அடிச்ச கதை அது. அபூர்வம்தான். ஆனா வந்த வீட்டுக்கு அது அபூர்வம் இல்லை.

சரி, இதுவரைக்கும் பார்த்தா உங்க கட்டுப்பாடும் ஜெயிக்கலை, எங்க ஊசியும் ஜெயிக்கலை. குழந்தை உடம்பு ஜெயிச்சது. அப்ப நான் எதுக்கு எழுந்து நிக்கிறேன்?

தலைப்பைக் கொஞ்சம் கவனிங்கய்யா. ‘பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளைக் காப்பது’ன்னுதானே இருக்கு? ‘கொரோனாவிலிருந்து’ன்னு இல்லையே! பெருந்தொற்றுக் காலத்திலே பிள்ளைகளைப் பிடிக்க வேற நோயே இல்லையா? இன்புளூயன்சா, சளிக் காய்ச்சல், தட்டம்மை எல்லாம் எங்கே போச்சு? நாம கதவைச் சாத்தினதும் அதுங்களும் லீவு போட்டுச்சு. லீவுதான் போட்டுச்சு, வேலையை விட்டுப் போகலை! (கைதட்டல்)

தமிழ்நாட்டிலே 1 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தார்கள். அதுக்கப்புறம் உங்க வீட்டிலே என்ன நடந்துச்சு? திங்கள்கிழமை ஸ்கூலுக்குப் போனான், வியாழக்கிழமை மூக்கு ஒழுக வந்தான், சனிக்கிழமை தங்கச்சிக்கு ஒட்டிச்சு, ஞாயித்துக்கிழமை தாத்தா படுத்தார். 2022 மே மாதம் கேரளாவிலே கொல்லத்திலே சின்னக் குழந்தைகளுக்கு உடம்பிலே சிவப்புச் சிவப்பாக் கொப்புளம். ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பேர் வைத்தார்கள். தக்காளி என்ன பாவம் பண்ணுச்சு? கை, கால், வாயிலே கொப்புளம் வருமே, அந்தப் பழைய வைரஸ் காய்ச்சல்தான் புதுப் பேரிலே வந்தது என்று அப்புறம் சொன்னார்கள்.

ரெண்டு வருஷம் வீட்டிலே இருந்ததாலே பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே போயிடுச்சுன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. அது அப்படி இல்லீங்க. சக்தி போகலை, பழக்கம் இல்லை. வருஷத்துக்கு நாலா வரவேண்டிய விருந்தாளிகள் எல்லாம் ஒரே நாளிலே மூட்டை முடிச்சோட வந்து இறங்கினா வீடு என்ன ஆகும்? அதுதான். சில டாக்டர்கள் இதை எதிர்ப்புக் கடன் என்று சொன்னார்கள்; வேறு சில டாக்டர்கள் அந்தப் பேரே தப்பு என்று சண்டை போட்டார்கள். நான் தமிழ் வாத்தியார், அந்தச் சண்டைக்குள்ளே போகலை. ஆனா கடன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. சளிக் காய்ச்சல் கடன் இருக்கே, அது கூட்டுறவு பாங்குக் கடன் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாத் தும்மித் தும்மிக் கட்டிடலாம். தட்டம்மைக் கடன் அப்படி இல்லை. அது கந்துவட்டி! (கைதட்டல்)

தட்டம்மை வந்த பிள்ளை இருமிவிட்டுப் போன அறையிலே 2 மணி நேரம் வரைக்கும் அந்த வைரஸ் காத்திலே இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் பக்கத்திலே இருந்தா 9 பேரைப் பிடிக்கும். கொரோனாவுக்கே அண்ணன்! இதுக்கு ஊசி எப்போ? 9 மாதம் முடிஞ்சதும் ஒண்ணு, 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள்ளே இன்னொண்ணு. ஏன் 9 மாதம் வரைக்கும் காத்திருக்கணும்? தாய் தன் வயித்திலே இருக்கும்போதே பிள்ளைக்குக் கொஞ்சம் எதிர்ப்புப் பொருளைச் சீதனமாக் கொடுத்து அனுப்பறா. அந்தச் சீதனம் கையிலே இருக்கிறவரைக்கும் ஊசி சரியாப் பிடிக்காது. சில மாதத்திலே சீதனம் கரைஞ்சுடும். கரையற நேரம் பார்த்து ஊசி.

2021-ஆம் வருஷம் மட்டும் உலகத்திலே ஏறக்குறைய 4 கோடிக் குழந்தைகள் தட்டம்மை ஊசியிலே ஒரு தவணையைத் தவறவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதுவரைக்கும் அவ்வளவு பேர் தவறவிட்டதே இல்லை. 2022 கடைசியிலே மும்பையிலே, கோவண்டி பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலே, தட்டம்மை பரவிக் குழந்தைகள் செத்தார்கள். பேப்பரிலே படிச்சிருப்பீங்க. நானும் படிச்சேன். படிச்சுட்டு என்ன நினைச்சேன்? ‘பாவம், படிக்காத ஜனங்க’ன்னு நினைச்சேன்.

இனிமே நான் சொல்றது இதுவரைக்கும் எந்த மேடையிலேயும் சொன்னதில்லை.

என் மகள் வயித்துப் பேத்தி 2019 ஆகஸ்டிலே பிறந்தாள். ஏழாம் மாசம் காது குத்து. 2020 மார்ச் நடுவிலே மகள் குழந்தையோட மதுரைக்கு வந்தாள். தாய்மாமன் மடியிலே உட்கார வச்சுக் குத்தினோம். பத்து நாளிலே ஊரடங்கு. மாப்பிள்ளை அங்கே, பிள்ளையும் தாயும் இங்கே. நம்ம வீட்டுக் கட்டுப்பாடு தெரியுமா? தங்கை சொன்ன கட்டுப்பாடெல்லாம் என்கிட்டே வந்து பிச்சை வாங்கணும்! பால் பாக்கெட்டுக்கு மஞ்சத்தண்ணி ஸ்நானம். பேப்பருக்கு இஸ்திரி. (சிரிப்பு) நியூஸ் பேப்பரை இஸ்திரி போட்டுப் படிச்ச ஒரே முனைவர் நான்தான்.

மே மாசம் பேத்திக்கு 9 மாதம். எங்க தெரு சுகாதார நர்ஸம்மா வந்து, கேட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டுச் சொன்னாங்க: “ஐயா, புதன்கிழமை கொண்டாங்க. தள்ளித் தள்ளி நிக்க வச்சுத்தான் போடுறோம். அம்மை ஊசி, விட்டுடக் கூடாது.” நான் கதவைக்கூடத் திறக்கலை. ஜன்னல் வழியாவே, “ஊர் இருக்கிற இருப்பிலே பச்சைப் பிள்ளையைக் கூட்டத்துக்குத் தூக்கிட்டு வரவா? அப்புறம் பார்க்கலாம்மா”ன்னேன். மகள் “போயிட்டு வந்துடறேனேப்பா”ன்னா. “நான் சொல்றேன்ல!” ஜூன்லே அந்தம்மா மறுபடி வந்தாங்க. அப்பவும் அதே பதில். ஜூன் கடைசியிலே மதுரையிலே மறுபடியும் முழு ஊரடங்கு. “பார்த்தியா, நான் சொன்னது சரியாப் போச்சா?”ன்னு மகள்கிட்டே பெருமை வேற.

காதிலே குத்தத் துணிஞ்சோம், கையிலே குத்தத் துணியலை!

அப்புறம் ஊர் திறந்துச்சு. மகள் கேட்டா. “9 மாசத்துக்கு உள்ளது, தாண்டிப் போச்சு. இனிமே போட்டு என்ன பிரயோசனம்?”ன்னு தீர்ப்புச் சொன்னதும் நான்தான். யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேக்கலை. வீட்டிலே ஒருத்தன் டாக்டர் பட்டம் வாங்கிட்டா எல்லாத்துக்கும் டாக்டராயிடறான் இல்லையா! (சிரிப்பு)

2022 டிசம்பர். பிள்ளைக்கு மூணு வயசு. காய்ச்சல், இருமல், கண்ணு ரத்தமாச் சிவந்து போச்சு. நாலாம் நாள் காதுக்குப் பின்னாலே ஆரம்பிச்சு முகம், மார்பு, முதுகு எல்லாம் மணலைத் தூவின மாதிரி. என் மனைவி பார்த்தவுடனே சொல்லிட்டா: “ஏங்க, இது மணல்வாரி.” வேப்பிலை கொண்டுவந்து வச்சா. அதிலே தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா அடுத்த நாள் பிள்ளை மூச்சு வாங்கின விதம் சரியில்லை. விலா எலும்பு உள்ளே உள்ளே போகுது. தூக்கிட்டு ஓடினோம். நுரையீரல்லே நிமோனியா.

வைட்டமின் ஏ சொட்டு மருந்து ரெண்டு நாள் கொடுத்தார்கள். கண்ணு போயிடாம இருக்கறதுக்கு. அதைக் கேட்ட அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும், இந்த நோயிலே கண்ணும் போகும் என்று.

டாக்டர் சின்ன வயசுப் பையன். “ஊசி அட்டை இருக்கா?”ன்னார். மகள் எடுத்துக் கொடுத்தா. ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூன்றரை மாசம் எல்லாம் தேதி போட்டிருக்கு. அதுக்குக் கீழே வெறும் கட்டம். “ஏம்மா போடலை?”ன்னு கேட்டார். நான் பக்கத்திலே நிக்கிறேன். மகள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தா. அப்புறம் அவர்கிட்டே சொன்னா: “மறந்துட்டோம் டாக்டர்.”

(சற்று நேரம் அமைதி)

அவர் சொன்னார்: “தாண்டிப் போனாலும் 5 வயசு வரைக்கும் போடலாமேம்மா. யாராவது கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்களே.” ஐயா, ரெண்டரை வருஷம் நேரம் இருந்தது எனக்கு.

நான் எதிலே ஆராய்ச்சி பண்ணி முனைவர் பட்டம் வாங்கினேன்? பிள்ளைத்தமிழிலே! குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பாடின ஊர் எங்க ஊர். பத்துப் பருவத்திலே முதல் பருவம் எது? காப்புப் பருவம். குழந்தை தவழறதுக்கு முன்னாலே, கை கொட்டறதுக்கு முன்னாலே, நிலாவைக் கூப்பிடறதுக்கு முன்னாலே காப்பு! எல்லாத் தெய்வத்தையும் வரிசையா நிறுத்தி, ‘இந்தப் பிள்ளையைக் காப்பாத்துங்க’ன்னு கேட்கிற பருவம். அதுக்கு மட்டும் நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கேன். பேத்திக்குக் காப்பு, தெருவிலே நடந்து, கேட்டுக்கிட்டே வந்து ரெண்டு தடவை நின்னுச்சு. (கைதட்டல்)

இதோ பாருங்க என் கையிலே, இந்தத் தழும்பு. பெரியம்மைக்குக் குத்தினது. அம்மை குத்த வர்றாங்கன்னா எங்க கிராமத்திலே பிள்ளைகளைக் குதிருக்குள்ளே ஒளிச்சு வைப்பாங்க. எங்க அம்மா கைநாட்டு. அவ என்னை இழுத்துட்டு வந்து குத்த வச்சா. 1975-க்கு அப்புறம் நம்ம நாட்டிலே பெரியம்மை யாருக்கும் வரலை. 1980-லே உலகத்திலேயே இல்லைன்னு அறிவிச்சாங்க. கைநாட்டுத் தாய்க்கு இருந்த துணிச்சல் கையெழுத்துப் போடத் தெரிஞ்ச மகனுக்கு இல்லை.

பேத்தி பிழைச்சா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. ஆனா கந்துவட்டின்னேனே, அது அப்புறம்தான். அடுத்த ஒரு வருஷம் மாசத்துக்கு ஒரு காய்ச்சல். காது வலி, வயித்தாலை, சளி. “அம்மைதான் போயிடுச்சே, இது ஏன்?”ன்னு கேட்டேன். டாக்டர் விளக்கினார். நம்ம உடம்பு ஒவ்வொரு கிருமியையும் பார்த்துப் பார்த்து ஒரு கணக்குப் புத்தகம் எழுதி வச்சிருக்கு. தட்டம்மை அந்தப் புத்தகத்தையே அரிச்சுடும். நெதர்லாந்திலே ஊசி போடாத பிள்ளைகளை அம்மைக்கு முன்னாலேயும் பின்னாலேயும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க; 2019-லே முடிவு வெளிவந்துச்சு. பழைய நோய்களுக்கு எதிரா இருந்த எதிர்ப்புப் பொருளிலே 11 சதவீதத்திலிருந்து 73 சதவீதம் வரைக்கும் காணோம்! பிள்ளை மறுபடி முதல்லேருந்து அ, ஆ எழுதணும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காய்ச்சல்.

தங்கை கேட்டாங்க, “வீடு பிள்ளைகளைக் காக்கலையா?”ன்னு. காத்தது தாயி, அந்த ரெண்டு வருஷம் காத்தது. நான் இல்லைன்னு சொல்லலை. கதவு சாத்தியிருக்கிறவரைக்கும் கதவு காக்கும். பிள்ளை என்னிக்காவது வெளியே போகணுமே! வாசல்லே ஒரு திருடனைப் பார்த்துக்கிட்டே நின்னேன், கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டுட்டேன். (கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வைக்கிறார். ஒரே நிமிஷம் ஐயா. 2023-லே ரெண்டாவது பேத்தி பிறந்தாள். மறுவருஷம் 9 மாதம் முடிஞ்ச முதல் புதன்கிழமை, நானே தூக்கிட்டுப் போனேன். அதே நர்ஸம்மா. என்னைப் பார்த்தாங்க, பழசு ஒண்ணும் பேசலை. பெரிய பேத்தி என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு, “தாத்தா, பாப்பாவுக்கு வலிக்குமா?”ன்னா. எனக்குப் பதில் சொல்ல வரலை, கண்ணை மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு நர்ஸம்மா சொன்னாங்க: “ஐயா, போட்டாச்சு. நீங்க கண்ணைத் திறங்க.” (சிரிப்பு, பலத்த கைதட்டல்)