வானத்தின் பொறுப்பும் நமது பொறுப்பும்

(புதுக்கோட்டை ஜில்லாவில் நடைபெற்ற உழவர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



கண்மாய் வறண்டால் "காலம் கெட்டுவிட்டது" என்கிறோம். அது இயற்கையின் செயல் என்பர் சிலர். உலகம் சூடேறியதே காரணம் என்பர் வேறு சிலர். எது இயற்கையால் வந்தது, எது மனிதனால் வந்தது என்று பிரித்தறிந்தால்தான், எதைப் பொறுத்துக்கொள்வது, எதைத் திருத்துவது என்பது விளங்கும்.

முதலில் இயற்கையை எடுத்துக்கொள்வோம். கல்லணைக் கால்வாய் பாயும் பகுதி நீங்கலாக, நமது ஜில்லாவில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை ஒரு வருஷம் மிகுவதும் மறுவருஷம் குறைவதும் புதிதன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது உலகில் ஆலைப் புகை இன்றைக்கு உள்ளதில் மிகச் சொற்பமே. பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்தை மீறிச் சூடேறியதே அன்று பருவமழை பொய்த்ததற்கு முக்கிய காரணமென அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வறட்சியையும் மனிதன் தலையில் சுமத்துவது முறையாகாது.

இரண்டாவது, உலக மக்களின் செயல். எரிமலையும் சூரியனும் பூமியின் வெப்பத்தை மாற்றவல்லவையே. 1991-ல் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, அதன் கந்தக மூட்டம் வெயிலைத் தடுத்தமையால் உலகம் ஓரிரு வருஷங்கள் சுமார் அரை டிகிரி வரை குளிர்ந்தது. ஆயினும் இன்றைய சூட்டுக்கு அவை காரணமல்ல. சூரியன் காரணமாயின் வாயுமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது. போர்வை கனத்தால் உள்ளே வெப்பம் தங்குவது போன்றதே இது. அந்தப் போர்வை நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் சேரும் கரியமிலவாயு. யந்திரத் தொழில் வளர்வதற்குமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 280 பங்கு. இன்று 420-க்கும் மேல். 1850–1900 ஆண்டுகளை நோக்க, 2011–2020-ல் பூமியின் வெப்பம் சுமார் 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. இதில் ஏர் பிடிப்பவனின் பங்கு சிறிது. பெரும்பங்கு செல்வ நாடுகளின் ஆலைகளுக்கும் வாகனங்களுக்கும் உரியது.

ஆனால் விளைவு நம்மையும் விடாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும்; ஓய்ந்தால் மண் விரைவில் உலரும். 2018 நவம்பர் 16-ல் நம் தென்னைகளைச் சாய்த்த கஜாவைப் போன்ற புயல்கள் பழங்காலத்திலும் வந்தவையே. எனினும் கடல் சூடேறச் சூடேறப் புயலுக்கு வலுக் கூடும்.

மூன்றாவது, நம் ஊரின் செயல். இதைப் பற்றித்தான் நாம் பேசத் தயங்குகிறோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. அவ்வருஷம் வறண்ட கண்மாய்க்கு வானத்தைக் குறை கூறலாம். 2021-லோ வழக்கத்தைவிட மிகுதியாகப் பெய்தது. உங்கள் ஊரில் நல்ல மழை பெய்த வருஷத்திலும் நிறையாத கண்மாய் இருக்குமாயின், அதற்கு வானம் பொறுப்பன்று. வரத்துவாரியில் ஆக்கிரமிப்பு இருக்கலாம், சீமைக்கருவேல் மண்டியிருக்கலாம், குறுக்கே போட்ட சாலையில் பாலம் இல்லாதிருக்கலாம். தைலமரக் காடுகளில் எடுத்த வரப்புகள் நீரை மறிப்பதாக உழவர்கள் நெடுநாளாக முறையிட்டு வருவதையும் நாம் அறிவோம். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுக் கண்மாய்கள் பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்தவை. ஆகவே இக்குறையில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஐப்பசி மழைக்குமுன் ஒரு நாள், கிராம வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கத்தினர்களும் ஆயக்கட்டுதாரர்களும் கண்மாயிலிருந்து வரத்துவாரியின் தலைப்பு வரை நடந்து பாருங்கள். தடை உள்ள இடங்களைச் சர்வே எண்ணுடன் குறித்து, கிராம சபையில் வையுங்கள். அடைப்பவர் உறவினராயினும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பணியில் குறை இருப்பின் அதையும் எழுதுங்கள்.

கண்மாயைச் செப்பனிடுவதால் உலகத்தின் சூடு தணிந்துவிடாது. ஆனால் நான்கு நாளில் கொட்டும் மழையை நான்கு மாதத்துக்குத் தேக்கி வைக்க, நம் முன்னோர் விட்டுச்சென்ற சாதனம் அதுவே. வானத்தின் குறையை நாம் தனித்துத் தீர்க்க இயலாது. வரத்துவாரியின் குறையைத் தீர்க்க நம்மால் இயலும்.