தூரத்து மாட்டுப் பண்ணை வேலை



செஞ்சித் தாலுகாவில் மானாவாரி நிலம் அதிகம். மணிலாக்கொட்டை பிடுங்கி, ஏரிப் பாசன நெல்லும் அறுவடையாகிவிட்டால், நிலமற்ற குடும்பங்களுக்கு வேலை கிடைப்பது அருமை. அச்சமயம் பார்த்துத் தரகர் வருகிறார். வெளி ஜில்லாவிலோ அயல் தேசத்திலோ மாட்டுப் பண்ணையில் வேலை உண்டென்றும், சாப்பாடும் இடமும் இனாமென்றும் சொல்லுகிறார். மாட்டோடு பிறந்து வளர்ந்தவனுக்கு இது சுலபமாகவே தோன்றும். ஆயினும் புறப்படுமுன் விசாரித்தறிய வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

கால்நடைத் தொழில் மதிப்புக் குறைந்ததென்று எவரும் எண்ண வேண்டியதில்லை. ஓசூரை அடுத்த மத்திகிரியில் கும்பெனியார் 1824ஆம் ஆண்டில் ராணுவக் குதிரைகளுக்காக ஏற்படுத்திய பண்ணை, பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாகிப் பெயர் பெற்றது. காங்கயம் பிரதேசத்தில் கிளுவை வேலியிட்ட கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் வளர்த்து மாடு பெருக்கியவர்களின் கீர்த்தி யாவரும் அறிந்ததே. விடியுமுன் கறப்பது, சினைப் பசுவைக் கவனிப்பது, உண்ணி பார்ப்பது, கோமாரி கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுவது ஆகியவை கையனுபவத்தால் வரும் வித்தைகள்.

தொழிலில் இல்லாத கேடு தூரத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரில் கூலி குறைந்தால் மறுநாள் வேறிடம் போகலாம். ஜன நடமாட்டமற்ற பண்ணையிலோ எஜமானரே கடைக்காரராகவும் வீட்டுக்காரராகவும் நியாயாதிபதியாகவும் ஆகிவிடுகிறார். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் வேவ் ஹில் என்னும் பெரும் பண்ணையில் குரிந்ஜி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறைகளாக மாடு மேய்த்தனர். வெள்ளையருக்குரிய கூலி அவர்களுக்கு இல்லை. உழைப்புக்குப் பெரும்பாலும் மாவு, சர்க்கரை, தேயிலை முதலிய படியே கிடைத்தது. 1966 ஆகஸ்டு மாதம் வின்சென்ட் லிங்கியாரி என்பவர் தலைமையில் சுமார் 200 பேர் பண்ணையை விட்டு வெளியேறினர். 1975இல் பிரதம மந்திரி கஃப் விட்லம், ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையிலிட்டு, நிலத்தில் ஒரு பகுதியை அம்மக்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் சேர்ந்து வெளியேறியதால் நிலைத்து நின்றார்கள். தனியாளாய்ப் போகிறவனுக்கு அந்தப் பலம் கிடையாது. ஆகவே அவன் தன் பாதுகாப்பைப் புறப்படும்போதே தேடிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, முன்பணம். இதை வாங்கினவன், கடனுக்கு ஈடாகத் தன் கால்களையே அடகு வைக்கிறான். கணக்கு எஜமானர் நோட்டில் இருக்கிறது. வருஷம் கழிந்தும் கடன் கழிவதில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அத்தகைய கடன் செல்லாது. கொத்தடிமையாக வேலை வாங்குவோருக்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டோர் கலெக்டரிடமோ சப் கலெக்டரிடமோ முறையிடலாம். ஆட்டுக்கிடைக்கும் வாத்து மந்தைக்கும் முன்பணம் வாங்கிச் சிறுவர்களை அனுப்பும் வழக்கம் மிகக் கொடியது. 14 வயது நிரம்பாதவரைக் கூலி வேலைக்கு அமர்த்துவதே குற்றம்.

இரண்டாவது, கூலி. மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், எவர் கையில் கொடுக்கப்படும் என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். சாப்பாடு சம்பளத்தோடு சேர்ந்ததா, சம்பளத்தில் கழிப்பதா என்பதையும் கேட்டறிய வேண்டும். சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பேயாகும் என்று 1982இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

மூன்றாவது, திரும்பும் வழி. வளைகுடா தேசங்களுக்குக் கடை வேலை, வீட்டு வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழர் பலர், பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்க்க விடப்பட்டிருக்கின்றனர். அயல் தேசத்துக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டவராக இருக்க வேண்டும். அவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கு 30,000 ரூபாய் உச்ச வரம்பும், அதன்மேல் வரியும் விதிக்கப்பட்டுள்ளன. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறவரை நம்பலாகாது. பாஸ்போர்ட்டு இந்திய சர்க்காரின் சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த எஜமானருக்கும் பாத்தியதை இல்லை. அதன் நகலொன்றை வீட்டில் வைத்துப் போவது நலம்.

இவற்றில் சங்கத்தின் கடமை யாது? சென்னை மாகாணத்தில் 1904ஆம் ஆண்டில் திரூரில் முதல் கடன் சங்கம் தோன்றியது, குடியானவரை வட்டிக் கடையிலிருந்து விடுவிப்பதற்கே. தரகரின் முன்பணமும் வேறு உருவில் வந்த வட்டிக் கடைதான். பிள்ளையின் கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ பணமின்றித் தவிக்கும் வீட்டைத் தரகர் கண்டுபிடிக்குமுன் சங்கம் கண்டுபிடிக்க வேண்டும். கால்நடைப் பராமரிப்புக் கடனும் நகைக் கடனும் சங்கங்களில் இருப்பதை இன்னும் அறியாத வீடுகள் உண்டு. அங்கத்தினர் அவர்களை அழைத்து வந்து விவரம் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் போக நிச்சயித்தவரின் பெயர், போகும் இடம், எஜமானர் விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சங்கத்தில் ஒரு புஸ்தகத்தில் பதிந்து, மாதமொருமுறை அவர் நலத்தை விசாரித்துவரலாம். தன்னைத் தேட ஊரில் ஆளுண்டென்று எஜமானருக்குத் தெரிந்த வேலைக்காரன், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தனியனல்லன்.