எண்ணிய தலைகளும் எண்ணாத வாக்குகளும்

(வெதுருகுப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

பேசுபொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை என்னிடமே விட்டுவிட்டீர்கள். ஒரு தேர்தலையும் அது முடிந்த பிறகு நடந்தவற்றையும் எடுத்துக்கொண்டேன். இலங்கையில் 1947 ஆகஸ்டு 23இல் தொடங்கி செப்டம்பர் 20 வரை நடந்த நாடாளுமன்றத் தேர்தல் அது. மொத்தம் 95 இடங்கள். டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42தான் கிடைத்தன, பெரும்பான்மை இல்லை. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் சேர்ந்து 18 இடங்களைப் பிடித்தன. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 7 தமிழர்கள் நாடாளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. தமிழர் போட்டியிடாத தொகுதிகள் பலவற்றிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களைக் கரையேற்றியது.

அந்த வெற்றிக்குத் தண்டனையாகப் பதினைந்தே மாதங்களுக்குள் அவர்களுடைய குடியுரிமை போயிற்று.

இதைச் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் தேடிப்போன மாவட்டங்களில் சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டைச் சீமையோடு வடஆர்க்காடும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் கரும்புக் காடுகளுக்குச் சென்னையில் கப்பல் ஏறியவர்களிலும் வடஆர்க்காட்டார் மிகுதி. பஞ்சம் துரத்திய நம் ஊர் ஏழைகள் அவர்கள். கடல் தாண்டியபின் அவர்களுக்கு நேர்ந்ததை நம் வீட்டுக் கதையாகவே நான் சொல்கிறேன்.

நேட்டாலில் வாக்குரிமைப் பறிப்பு இலங்கைக்கு முன்பே நடந்திருக்கிறது. 1893இல் அங்கே வெள்ளையருக்குப் பொறுப்பாட்சி வந்தது. தேர்தல் முடிந்து புதிய சட்டமன்றம் கூடியதும் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று இந்தியரின் வாக்குரிமையை நீக்கும் மசோதா. அதை எதிர்க்கத்தான் காந்தி 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கினார். 1896இல் சட்டம் நிறைவேறிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி என்று வேறு வைத்தார்கள். உழைப்பதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் அங்கேயே வேரூன்றி வாக்குக் கேட்டுவிடக் கூடாது. இலங்கையிலும் இதே கணக்குத்தான்.

இலங்கைக்கு வருகிறேன். சிங்களக் கிராமத்தாரின் கோபத்தை வெறும் துவேஷம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்டி மலைகளில் அவர்களுக்கு மேய்ச்சலும் காடு எரித்துச் செய்யும் சேனைப் பயிரும் விறகும் தந்த நிலத்தை, ஆவணம் காட்டாதவை எல்லாம் அரசுடைமை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் வாரிக்கொண்டது. அரசு அதைக் காப்பித் தோட்ட முதலாளிகளுக்கு விற்றது. காப்பியை நோய் தின்ற பிறகு அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. நிலம் இழந்த கிராமத்தான் அண்ணாந்து பார்த்தபோது கண்ணில் பட்டவன் சட்டம் எழுதிய ஆங்கிலேயன் இல்லை. லயம் என்ற வரிசை வீட்டுக் காம்பராவில் குடியிருந்த தமிழ்க் கூலி. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாக் கொடுமை கொழும்பைப் பிடித்தது. தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, அதற்குமுன் எல்லா இனத் தொழிலாளரையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்தியவர், மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். மனம் கசந்து சொல்கிறேன், தொழிற்சங்க மேடையிலேயே இந்த நஞ்சு ஏறிவிட்டது.

ஆக, பகை 1947இல் பிறக்கவில்லை. தெருவில் முணுமுணுப்பாக இருந்ததற்கு அந்தத் தேர்தல் ஆட்சியின் நாக்கைக் கொடுத்தது. வாக்குகளை எண்ணி முடித்த கையோடு, எண்ணியிருக்கவே கூடாத வாக்குகள் எவை என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதில் தமிழர் என்ற சொல்லே கிடையாது. இலங்கையில் பிறந்தவர் பரம்பரைக் குடிமகன் ஆவதற்குத் தந்தையும் அங்கே பிறந்தவராக இருக்க வேண்டும்; இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாருக்கும் பொது விதி. தோட்டத்தில் பிறந்தவனின் தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஆள்வரவு குறிக்கும் கங்காணியின் பெரட்டுப் புத்தகத்தில் பேர் இருக்கும், பற்றுச்சீட்டில் கடன் இருக்கும். அவன் பிறந்ததற்குச் சாட்சி அந்த லயத்தின் கிழவிகள் மட்டுமே.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம். விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும், மெய்ப்பிக்கவும் வேண்டும். ஒருவர் தாயின் சாவுக்குத் தமிழ்நாட்டுக்கு வந்து, உடல்நலம் கெட்டு, ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வசிப்பு அறுந்துபோயிற்று. கால் நூற்றாண்டு கொழுந்து நிறுத்துக் கொடுத்த கணக்கெல்லாம் அதற்கு ஈடாகாது. விண்ணப்பங்களில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். குடியுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

அதே 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கே வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட வெல்லவில்லை. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் போனது 1977இல். முப்பது ஆண்டுகள்! நீதிமன்றத்தை நம்பிப் போனவர்களும் உண்டு. றுவன்வெல்லைத் தொகுதிப் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடக்கன் பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. இந்தச் சட்டங்கள் எந்தச் சமூகத்துக்கும் எதிரானவை அல்ல என்று 1953இல் தீர்ப்பு வந்தது.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். தொகுதிகளைப் பிரிக்கும்போது பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்தே பிரித்தார்கள். அந்தக் கணக்கில் தோட்டத் தமிழரின் தலைகளும் சேர்ந்தன. அவர்கள் அங்கே வாழ்ந்ததால் மலைநாட்டுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களுக்கு யார் போவது என்பதை அவர்கள் தவிர மற்றவர்கள் தீர்மானித்தார்கள். ஒருவனை விரட்டிவிடுவது ஒரு கொடுமை. அவனை இருத்தி வைத்து, உழைப்பை எடுத்துக்கொண்டு, தலையையும் தன் பக்கம் எண்ணிக்கொண்டு, வாயை மட்டும் கட்டுவது அதனினும் பெரிய கொடுமை என்றே நான் நினைக்கிறேன்.

தமிழர் நாம் எல்லாரும் அன்று ஒன்றாக நின்றோமா என்றால் இல்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரவையில் சேர்ந்தார். இந்திய, பாகிஸ்தானியர் மசோதாவை ஆதரித்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவரைவிட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 'தோட்டக்காட்டான்' என்ற இளக்காரம் யாழ்ப்பாணத்து வாய்களிலும் புழங்கியது. மலையகத்தின் வாக்கு போனபின் நாடாளுமன்றத்தில் தமிழரின் பலமே குறைந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து நின்றபோது அதைத் தடுக்க அந்த உறுப்பினர்கள் இல்லை. பிறகு 1958, 1977, 1983. கலவரங்களில் வீடு எரிந்தபோது எந்தத் தமிழன் எந்த ஊர்க்காரன் என்று தீ வைத்தவன் விசாரிக்கவில்லை.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமா பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பங்கில் விழுகிறோம் என்பதில் அக்காளும் தம்பியும் பிரிந்தார்கள். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் மாரடித்து அழுவார்களாம், சாவு வீட்டில் அழுவதுபோல.

தாய்த்தமிழகம் அவர்களை எப்படி வாங்கிக்கொண்டது? மண்டபம் முகாமில் இறங்கிய பலரும் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னர் அது டான்டீ ஆயிற்று. அரசு செய்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அவர்களுக்கு விழுந்த பெயர் 'சிலோன்காரன்'. இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவன், பாட்டன் பிறந்த மண்ணில் சிலோன்காரன் ஆனான். கொடைக்கானல் மலைகளில் பட்டை உரிக்கும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். இந்த மண்ணும் கொந்தளித்த மண்தான். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அதில் சேர்ந்தது. மங்கலங்கிழார் ஊர் ஊராக நடந்து தமிழ் கற்பித்து எழுப்பிய உணர்ச்சியும், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், தெலுங்கர் பக்கத்து எதிர்ப்பும் ஒன்றோடொன்று மோதின. இருபுறமும் பேசிய கடும்பேச்சு கொஞ்சமல்ல. பிறகு எல்லைச் சிக்கலைத் தீர்க்க நடுவராகப் படாஸ்கர் வந்தார்; கிராமத்தை அலகாக வைத்துப் பெரும்பான்மை மொழியைப் பார்த்துக் கோடு போட்டார். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது.

அந்தக் கோட்டில் எனக்கு இன்றும் மனக்குறை உண்டு. இந்தப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்ததைக் கண்ணால் பார்க்கிற உங்களுக்கு என்னைவிட அதிகமாகவே இருக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருத்தணிக்காரர் 1955இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். 1962இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். சத்தியவேட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. உன் பாட்டன் எந்தப் பக்கத்தில் பிறந்தான், சீட்டைக் காட்டு என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. நிலம் கைமாறியது, ஆளின் குடியுரிமை கைமாறவில்லை. இலங்கையில் எல்லை ஓர் அங்குலமும் நகரவில்லை. அங்கேயே நின்ற மனிதர்கள் அந்நியரானார்கள். இங்கே பகை ஆறியதற்கு நம் மக்களின் பெருந்தன்மை ஒரு காரணமாக இருக்கலாம். தமிழ் பேசுகிறவரின் வாக்கையும் கேட்டு வீதிக்கு வர வேண்டிய கட்டாயம் வேட்பாளருக்கு இருந்தது என்பதை அதைவிட வலுவான காரணமாக நான் கருதுகிறேன்.

பிரிட்டனைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் 23இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக 51.9 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அடுத்த மாதம் காவல்துறை பதிவுசெய்த இன, மத வெறிக் குற்றங்கள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 41 விழுக்காடு கூடின. ஐரோப்பாவைப் பற்றிய வாக்கெடுப்பு அது. ஆனால் ஐரோப்பாவோடு தொடர்பே இல்லாத ஆசிய முகங்களைப் பார்த்தும் ஊருக்குப் போ என்றார்கள். விலகலுக்கு வாக்களித்த எல்லாரும் வெறியர் என்று நான் சொல்ல மாட்டேன். மூடிய சுரங்கங்களும் தேய்ந்த ஊர்களும் அவர்களுடைய துயரம். கண்டிக் கிராமத்தானின் துயரத்துக்கு அது உறவு. 2018இல் அதே நாட்டில் இன்னொன்று வெளிவந்தது. 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து உழைத்து முதுமை அடைந்தவர்களிடம், வந்ததற்கு ஆதாரம் கேட்டு, வேலையையும் மருத்துவத்தையும் மறுத்திருந்தார்கள். சிலரை நாடுகடத்தியும் இருந்தார்கள். அவர்கள் வந்திறங்கிய பதிவுச் சீட்டுகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பயந்துபோய் ரயில் ஏறியவர்கள் பலர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. தமிழ்நாடு காவல்துறை பொய் பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டது. நல்லது. ஆனால் 2025இல் வாக்காளர் பட்டியல் திருத்தம் பற்றிய பேச்சு எழுந்ததும், வடக்கே இருந்து வந்தவர்கள் இங்கே வாக்காளராகிவிட்டால் நம் அரசியலே மாறிவிடும் என்று நம்மவர்களே மேடையில் பேசக் கேட்டோம். அந்தப் பேச்சில் ஓர் அச்சம் இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கலாம். கள்ளப்பெயர் சேர்ப்பைத் தடுக்கச் சட்டம் வேண்டும்தான். ஆனால் சேனநாயக்காவின் ஆட்கள் 1948இல் பேசியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று தொண்டமானின் வாக்காளர்கள் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? ஒப்பாரிக் கோச்சிக்காக அழுத கண், திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டையோடு நின்றவனையும் பார்க்க வேண்டாமா?

1960இல் கைமாறிய அதே சத்தியவேட்டு மண்ணில் இன்று ஸ்ரீசிட்டி ஆலைகள் நிற்கின்றன. பல மாநிலத்துப் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள், வாடகை அறைகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் உரிமையை 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வயதுவந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடு வீடாகப் போகும் வேலை நம் மாவட்டங்களில் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும்தான் வருகிறது. அவர்களில் சிலர் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஒடியாவோ இந்தியோ பேசும் ஒருவர் பழைய ஊரில் பெயரை நீக்கிக்கொண்டு இங்கே சேர்க்க வேண்டும் என்று உங்களிடம் வந்து நின்றால், அவருடைய வாடகைச் சீட்டைப் பொறுமையாக வாங்கிப் பாருங்கள். என்ன தாள் குறைகிறது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, தமிழோ தெலுங்கோ தெரியவில்லை என்றால் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.