தகாட்டா காற்றுப்பை: ஊவாவுக்கு வராத கடிதம்

காற்றுப்பை விரிய ஒரு விநாடியின் நூற்றில் மூன்று பங்கு போதும். ஸ்டியரிங்கின் நடுவிலுள்ள, ஊதி எனப்படும் சிறிய உலோகக் குடுவைக்குள் வில்லைகளாக அடுக்கப்பட்ட இரசாயனம் எரிந்து வாயுவாகிப் பையை ஊதுகிறது. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டி அந்த இரசாயனத்தை மாற்றியது. முன்பிருந்த டெட்ராசோல் விலை கூடியது. பதிலாக வந்த அமோனியம் நைத்திரேற்று மலிவானது. கற்குவாரி வெடிமருந்தில் சேரும் அதே பொருள்தான்.

அமோனியம் நைத்திரேற்று ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் நிற்கும் வாகனம் பகலில் சூடேறி இரவில் தணியும்போது வில்லைகளும் விரிந்து சுருங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றில் நுண்துளைகள் பெருகும். துளை பெருகினால் எரியும் பரப்பும் கூடும். விபத்து நேரும்போது வில்லைகள் வரம்பு மீறிய வேகத்தில் எரிய, குடுவை அழுத்தம் தாங்காமல் வெடித்து, உலோகத் துண்டுகள் சாரதியின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. சிறு காயத்தோடு தப்பியிருக்க வேண்டிய பலர் இப்படி இறந்தனர்: அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல். மலேசியாவிலும் மரணங்கள் நேர்ந்தன.

வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களுக்கே அமெரிக்க அதிகாரிகள் முன்னுரிமை கொடுத்தனர். அந்த அளவுகோலில் இலங்கையின் ஊவா மாகாணத்து மகியங்கனையும் வெல்லவாயவும் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பதுளை நகரம் சற்றுக் குளிர்தான். ஆனால் பதுளை வாகனங்கள் பதுளையிலேயே நிற்பதில்லை.

2008இல் ஹொண்டா சுமார் 4,000 வாகனங்களைத் திருப்பி அழைத்ததில் தொடங்கியது, உலகெங்கும் சுமார் 10 கோடி ஊதிகளின் மீள்அழைப்பாக வளர்ந்தது. தகாட்டாவின் பாதகமான சோதனைப் பெறுபேறுகள் மறைக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வாகன நிறுவனங்களுக்குப் போயிருந்தன. 2017இல் தகாட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டொலர் செலுத்த இணங்கியது; அதே ஆண்டு ஜூனில் வங்குரோத்தானது.  

இலங்கையின் சிக்கல் வேறு. இங்கு ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனங்கள். மீள்அழைப்புக் கடிதம் ஜப்பானில் பதிவான உரிமையாளரைத் தேடிப் போகும். வாகனமோ கைமாறிக் கைமாறிப் பசறையில் ஓடிக்கொண்டிருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 வரை மீளவில்லை. அதனால் பழைய வாகனங்கள் கூடுதல் காலம் ஓடின. திருத்தப்படாத அபாய ஊதி உள்ள வாகனத்துக்கு ஜப்பான் 2018 மே முதல் கட்டாயப் பரிசோதனையில் சித்தி தருவதில்லை. இங்கு தனியார் காரின் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கப்படும். காற்றுப்பையைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

ஒரு வாகனம் மீள்அழைப்பில் உள்ளதா எனச் சரிபார்க்க வழி சேசிஸ் இலக்கம். ஜப்பானிய உள்நாட்டு வாகனத்தில் அது 17 எழுத்து இலக்கமல்ல. மாதிரிக் குறியீடும் கோடும் எண்ணும் சேர்ந்தது. அமெரிக்க மீள்அழைப்புத் தேடல் பக்கம் அதை ஏற்காது. தயாரிப்பாளரின் ஜப்பானியப் பக்கத்திலோ உள்ளூர் முகவரிடமோதான் பார்க்க வேண்டும். ஒருமுறை மாற்றியாயிற்று என்பதும் முடிவல்ல: சில வாகனங்களுக்குத் தற்காலிகமாக அதே வகைப் புதிய ஊதியே பொருத்தப்பட்டது. உடைத்த வாகனத்திலிருந்து கழற்றிய பழைய காற்றுப்பையைக் கராஜில் பூட்டியிருந்தால் சேசிஸ் இலக்கமும் உதவாது. அப்போது ஊதியின் மேல் ஒட்டியுள்ள சீட்டைத்தான் வாசிக்க வேண்டும். அதைக் கழற்றுவது பயிற்சி பெற்றவரின் வேலை.